நெத்திலி எண்ணெயில் தாளித்த குழம்பு

கைப்பேசியில் சமையல் சொல்லித்தருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். "ஒரு கிலோ ஆட்டுக்கறி எடுத்துக்கோங்க." நான் அந்த இடத்திலேயே படத்தை நிறுத்திவிட்டு யோசிக்கத் தொடங்குவேன். ஆட்டுக்கறி இல்லை, கோழி எலும்பு இருக்கிறது. முந்திரிப் பருப்பு இல்லை, நிலக்கடலை இருக்கிறது. நெய் கேட்டால் மார்ஜரின். கடைசியில் அவர்கள் செய்த சாப்பாட்டுக்கும் நான் செய்ததற்கும் நிறம் மட்டும்தான் ஒத்துப்போகும். சில நாள் அதுவும் போகாது.

கிராம், மில்லிலிட்டர் என்றால் எனக்கு இன்னும் பயம். படிவம் இரண்டோடு, அதாவது எட்டாவதோடு, பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மெர்லிமாவ் பக்கத் தோட்டத்திலிருந்து வரும் பஸ் நின்றுபோனது, அதோடு என் படிப்பும் நின்றுபோனது. அதனால் எனக்கு அளவு என்றால் பால் டின்தான். அரிசிக்கு ஒரு டின், பருப்புக்கு ஒரு டின், தண்ணீருக்கும் அதே டின். கைப்பேசியில் சமையல் சொல்லித்தருகிற ஒரு பெண் தராசில் வைத்து மாவை நிறுப்பாள். தப்பாகப் போட்டுவிடுவேனோ என்று நினைத்து இரண்டு முறை எண்ணுவேன். இரண்டாவது முறை எண்ணும்போது முதல் முறை எண்ணியது சரிதானா என்று சந்தேகம் வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒருநாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "இனிமே ஓ.டி. இல்லையாம்" என்றார். மிகைநேர வேலைக்கு வரும் காசு இனி இல்லை. அவ்வளவுதான் சொன்னார். குளிக்கப் போய்விட்டார். அவர் அப்படித்தான். கவலைப்படும் வேலையை எனக்கு விட்டுவிடுவார். நான் அந்த இடத்திலேயே நின்று அடுப்பைப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் இரவுச் சாப்பாட்டைப் பற்றி நினைக்கும் பழக்கம் அன்றுதான் ஆரம்பித்தது. புக்கிட் காத்தில் என்ற ஊரின் தாமானில், எங்கள் குடியிருப்பு வரிசையில், சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வாசனை வரும். மற்ற வீட்டு வாசனையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று மூக்காலேயே கணக்குப் பார்ப்பேன். எனக்கே என்னைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும்.

சார்டின் டின் ஒன்று எங்கள் நாலு பேருக்கு. நான், வீட்டுக்காரர், பல் கிளினிக்கில் முகப்பில் வேலை செய்யும் மூத்த மகள், இன்னும் பள்ளிக்குப் போகும் சின்னவள். ஒரு டின் மீனை எண்ணி வைத்தால் சண்டை வரும். அதனால் மீனை மசித்துவிட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கையும் மசித்துச் சேர்த்து, கத்தரிக்காயை அரிந்து போட்டுக் கொதிக்கவிடுவேன். சின்னவள் கரண்டியால் கிண்டிப் பார்த்து, "அம்மா, இதுல சார்டின் எங்க ஒளிஞ்சிருக்கு?" என்பாள்.

"ஒளிஞ்சிருக்கிறதைத் தேடிக்கிட்டே சாப்பிடு. அப்பதான் நிறையச் சாப்பிடுவ."

கங்கோங் கீரை வாங்கினால் இலை ஒருநாள், தண்டு மறுநாள். தண்டைப் பொடியாக நறுக்கி பெலாச்சான் என்ற இறால் விழுது போட்டு வதக்கினால் அது வேறு சாப்பாடு. முட்டை மூன்று இருந்தால் அதில் தௌஹூ என்ற சோயாக் கட்டியை உதிர்த்துப் போட்டுப் பெரிய ஆம்லெட்டாகச் சுட்டு, கேக் வெட்டுவது போல வெட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரர் மோட்டார் பைக்கில் உம்பாய்க் கடற்கரைக்குப் போய், படகு வந்து இறங்கும் நேரத்தில் யாரும் வாங்காத பொடி மீன்களைக் கலந்து வாங்கி வருவார். அதைக் கழுவி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு போய்விடும். ஆனால் மூன்று நாள் ஓடும்.

இதில் எனக்கு உள்ளுக்குள் பெருமையான ஒரு விஷயம் உண்டு. நெத்திலி எண்ணெய். சம்பலுக்காக நெத்திலி பொரிப்போமே, அந்த எண்ணெயை முன்பெல்லாம் கீழே ஊற்றிவிடுவேன். ஓ.டி. நின்ற பிறகு கை வரவில்லை. வடிகட்டி ஒரு காலிப் பால்மாவு டின்னில் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் பறங்கிக்காய்ப் புளிக்குழம்பு. கடுகும் வெந்தயமும் தாளிக்கும்போது அந்த எண்ணெயில் ஒரு கரண்டி விட்டேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தார்.

"மீனு போட்டியா?"

"தேடிப் பாருங்க."

அவர் உண்மையாகவே தேடினார். பறங்கிக்காயை எல்லாம் ஓரமாக ஒதுக்கித் தேடினார். மீன் இல்லாமல் மீன்குழம்பு வைக்க நான் எந்தக் கைப்பேசியிலும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எந்தக் குழம்பானாலும் ஒரு கரண்டி. வெள்ளிக்கிழமை நாங்கள் கவுச்சி சாப்பிடுவதில்லை. பழக்கத்தில் கை போய்விடும் என்ற பயத்தில், வியாழக்கிழமையே அந்த டின்னை எடுத்து அரிசி வாளிக்குப் பின்னால் மறைத்து வைப்பேன். சனிக்கிழமை காலையில் மறுபடி அடுப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இந்தத் தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து மூத்தவள் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "சனிக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்ல வராங்கம்மா. தீபாவளிக்குத்தான். சும்மா" என்றாள்.

அவங்க என்றால் அவள் விரும்பும் பையனின் அப்பா, அம்மா. பையன் ஏர்கான் பழுது பார்ப்பவன். எங்கள் வீட்டு ஏர்கானைக்கூடக் காசு வாங்காமல் கழுவிக் கொடுத்திருக்கிறான். அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் மெர்லிமாவில் இருக்கிறார்கள். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் சொந்த லோரி வைத்திருக்கிறார். பையன் வீட்டில் விஷயத்தைச் சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பார்ப்போம்" என்று சொன்னதாகக் கேள்வி. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என் மகள் ஒரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். மெலிந்துவிட்டாள். கேட்டால் டயட் என்கிறாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்தால் சம்மதம் ஆகும் வரை கை நனைக்க மாட்டார்கள். பலகாரம் ஒன்று எடுப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டால் அது வாக்கு கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகு மாற முடியாது, மாறினால் ஊர் பேசும். இப்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று சொல்லலாம். பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள்.

"தீபாவளிக்கு வர்றவங்க சாப்பிடத்தானே வருவாங்க?" என்று மகளிடம் கேட்டேன்.

"அதாம்மா. அவங்க சாப்பிட்டாங்கன்னா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டையே மறுபடி மடித்தாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அவர்கள் சாப்பிட வேண்டும்.

தீபாவளி விருந்தாளி என்றால் ஆட்டுக்கறிதான். அதில் யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். பசாரில் கறிக்கடை பாய் என்னைப் பார்த்ததும் கத்தியைத் தீட்டினார்.

"தீபாவளி முடிஞ்சிருச்சேம்மா, இன்னும் யாருக்கு?"

"பொண்ணைப் பாக்க வராங்க பாய்."

"அப்ப ரெண்டு கிலோ போடவா?"

"ஒண்ணு போடுங்க. எலும்போட."

"பொண்ணு ஒண்ணுன்னா கறியும் ஒண்ணுதானா?"

"இன்னொரு பொண்ணு இருக்கா. அவளுக்கு வரும்போது இன்னொரு கிலோ வாங்கிக்கிறேன்."

சிரித்துக்கொண்டே அவர் இரண்டு எலும்பைக் கூடப் போட்டார். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்ததிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. ஒரு கிலோ கறியை நிறைவாகக் காட்ட வேண்டும். வழக்கமாக நான் உருளைக்கிழங்கு போட்டுப் பெருக்குவேன். ஆனால் லோரி முதலாளி வீட்டம்மா உருளைக்கிழங்கைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். பிஞ்சுப் பலாக்காய் போட்டால் கறி மாதிரியே இருக்கும். ஆனால் கடித்துப் பார்த்துப் பலாக்காய் என்று தெரிந்தால் இன்னும் கேவலம். கடைசியில் நிலக்கடலையை வறுத்துத் தேங்காயோடு அரைத்து ஊற்றினேன். குழம்பு திக்காக, நிறைய ஆனது. எலும்பைத் தனியாக எடுத்து ரசம் வைத்தேன். கைப்பேசியில் பார்த்த கறிக்குழம்பில் பாதி, என் கையில் பாதி. எண்ணெய் மிதக்கிற மாதிரி மேலே கொஞ்சம் விட்டேன், பார்வைக்கு.

மகள்களிடம் முன்கூட்டியே சொன்னேன். "கறியைத் தொடக்கூடாது. வந்தவங்க சாப்பிட்டு மிச்சம் இருந்தா பார்ப்போம். நமக்கு வேற இருக்கு."

"அப்ப பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்துக்கலாமா?" என்றாள் சின்னவள்.

நமக்கு வேறு என்றது வடைக்குழம்பு. தீபாவளிக்குச் சுட்ட பருப்பு வடை மிச்சம் இருந்தது. கல் மாதிரி காய்ந்துபோயிருந்தது. காய்ந்த வடைதான் குழம்புக்கு நல்லது, புளியை உறிஞ்சும், உடையாது. பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரத்தில் பிடுங்கிக் கொடுத்த மரவள்ளிக்கிழங்கும் இருந்தது. அதை உப்புப் போட்டு ஒரு சட்டியில் வேகவைத்து மூடினேன். வடைக்குழம்பைப் பின்பக்க அடுப்பில் கொதிக்கவிட்டு, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை போட்டு, நெத்திலி எண்ணெயில் தாளித்துக் கொட்டினேன். சனிக்கிழமைதானே. யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது.

அவர்கள் வந்த கார் வாசலில் நின்றபோது நான் மூன்றாவது தடவை சேலை மாற்றி முடித்திருந்தேன். பையனின் அப்பா உயரமானவர், வெளியே நின்றே எங்கள் கூரையைப் பார்த்து, "ஒழுகுதா?" என்று விசாரித்தார். அந்த அம்மா மஞ்சள் புடவை. நெற்றி நிறையத் திருநீறு. கழுத்தில் ருத்திராட்சம். அதைப் பார்த்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

"உள்ள வாங்கக்கா."

"இங்கயே காத்து நல்லாருக்கும்மா" என்று சொல்லி வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். வீடு முழுக்கக் கறி வாசனை. அவர் மூக்கைச் சேலைத் தலைப்பால் லேசாகத் தொட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

மூத்தவள் ஆரஞ்சுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வளையல் சத்தம் வராமல் நீட்டினாள்.

"வேணாம்மா. நான் சஷ்டி விரதம். விளக்கு வச்சதுக்கு அப்புறம்தான் எதுவும். அதுவும் ஒரு வேளை."

சஷ்டி. தீபாவளி முடிந்த மறுநாளே தொடங்கிவிடும். எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நான் வளர்ந்த தோட்டத்தில் எங்கள் கோயில் முனியாண்டி கோயில். அங்கே கிடா வெட்டுதான் சாமி காரியம். சஷ்டி என்பது பக்கத்து வரிசையில் சிலர் மஞ்சள் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போவது, அவ்வளவுதான். எனக்குத் தீபாவளி என்றால் அதற்குப் பிறகும் ஒரு வாரம் கறிதான். அந்த அம்மாவுக்கு அந்த வாரம் வேறு. ஒருதரம் கேட்டிருக்கலாம். ஆயிரம் விஷயத்துக்குக் கவலைப்பட்ட நான் இதற்கு மட்டும் கவலைப்படவில்லை.

கூட வந்திருந்த பையனைச் சமையலறையில் மூத்தவள் பிடித்துக்கொண்டாள். குரலை அடக்கித்தான் பேசினாள், ஆனால் எனக்குக் கேட்டது.

"உங்கம்மா விரதம்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு தெரியாதா உனக்கு?"

"எங்கம்மா வருஷம் பூரா ஏதாச்சும் விரதம்தான். எதைன்னு சொல்றது?"

"இன்னைக்கி இருக்கிறதைச் சொல்லலாம்ல."

"சொன்னேன்னு நினைச்சேன்லா."

நான் வீட்டுக்காரரை ஓரமாக இழுத்தேன். "ஏங்க, நெசமாவே விரதமா? இல்ல கை நனைக்கக் கூடாதுன்னு விரதமா?"

"விரதம்னா விரதம்தான். நீ ஏன் நோண்டுற?"

"அவரும் சாப்பிட மாட்டேங்கிறாருங்க."

அதுவும் உண்மை. பையனின் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "அவ முடிக்கட்டும், நான் அப்புறம்" என்று சொல்லிவிட்டு முறுக்கு ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கடிக்கவில்லை. நான் அந்த முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு டீசல் விலை, மழை, செம்பனைக் குலைகள் என்று போனது. பெண்ணைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. மூத்தவள் கதவு ஓரத்தில் நின்று கால் விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மட்டும் நிம்மதியாகப் பலகாரத் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்தது. நான் சாமி மாடத்தில் விளக்கேற்றினேன். அந்த அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று கும்பிட்டார். அவர் வாய் என்னவோ முணுமுணுத்தது. என் வாய் வேறு ஒன்றை முணுமுணுத்தது. கும்பிட்டு முடித்ததும் அவர் கொஞ்சம் கூச்சத்தோடு, "தங்கச்சி, சைவமா ஏதாச்சும் இருக்கா? வீட்டுக்குப் போய்ச் சமைக்க நேரமாயிரும். காலையிலிருந்து ஒண்ணும் இல்ல" என்றார்.

சாப்பிடுகிறேன் என்கிறார். அவர் வாயாலேயே கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சமையலறைக்குள் வந்துவிட்டார். கறிச் சட்டியைத் தாண்டிப் பின்பக்க அடுப்புக்குப் போய் மூடியைத் தூக்கினார். புளியும் வெந்தயமும் குப்பென்று வந்தது. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"இது என்ன குழம்பு? இவ்வளவு வாசமா இருக்கு."

"வடைக்குழம்பு ஆன்ட்டி. எங்களுக்கு வச்சது" என்றாள் சின்னவள்.

"சைவம்தானே?"

"ஆமா ஆன்ட்டி. வெறும் பருப்பு வடைதான்" என்றாள் மூத்தவள். அவள் பொய் சொல்லவில்லை. குழம்பில் நான் என்ன செய்கிறேன் என்று அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. வேகமாகத் தட்டை எடுத்துத் துடைத்துச் சோறு போட்டாள். கரண்டியில் குழம்பை மொண்டு ஊற்றினாள். இரண்டு வடை வைத்தாள். அந்த அம்மா கை கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தார். பையனின் அப்பா வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்து, கையிலிருந்த முறுக்கைக் கடித்தார்.

டின் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. மூடிகூடச் சரியாக மூடவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் ஓடியதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மீன் ஒரு துண்டுகூட இல்லை. என் வீட்டுக்காரரே தேடிக் கண்டுபிடிக்கவில்லை. இந்த வீடு முழுக்கக் கறி வாசனை, அதில் இது எங்கே தெரியப்போகிறது. யாருக்கும் எப்போதும் தெரியாது. ஒரு வாய், ஒரே ஒரு வாய் அவர் வைத்தால் போதும், என் பிள்ளையின் ஒரு வருஷம் முடிந்துவிடும். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல மாதமாகப் பார்க்காத சிரிப்பு. அந்த அம்மா சோற்றைப் பிசையாமல் முதலில் கண்ணை மூடினார். சாமியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறவர்போல. அந்த மூடிய கண்ணைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"அக்கா, அதைச் சாப்பிடாதீங்க."

எல்லாரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"நெத்திலி பொரிச்ச எண்ணெயில தாளிச்சது. ஒரு கரண்டி விட்டிருக்கேன். மீனு போடல, ஆனா எண்ணெய் அதுதான்."

அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். விரல் சோற்றைத் தொட்டிருந்ததா என்று நான் பார்த்தேன். தெரியவில்லை. மூத்தவளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை.

"ஓ.டி. நின்னதிலிருந்து அப்படித்தான்க்கா சமைக்கிறேன். பொரிச்ச எண்ணெயைக் கொட்ட மனசு வரல. காய்கறியில விட்டா மீன் சாப்பிட்ட மாதிரி இருக்கும். பிள்ளைங்க நல்லாச் சாப்பிடும். கறி உங்களுக்காகத்தான் வாங்கினேன். இது நாங்க சாப்பிட."

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, மறைக்க நினைத்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று. நிலக்கடலை மட்டும்தான் பாக்கி. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் காது சிவந்துவிட்டது.

அந்த அம்மா எழுந்தார். கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் போய் டின்னைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"அதான் பார்த்தேன்" என்றார். "மூடியைத் தூக்குனதும் வாயில தண்ணி ஊறுது. வெறும் புளிக்கு இப்படி ஊறாதேன்னு நினைச்சேன். முருகன்தான் சோதிக்கிறாருன்னு நினைச்சா, நீங்க சோதிச்சிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சின்னவள் மட்டும் களுக்கென்றாள். மூத்தவள் அவள் கையில் கிள்ளினாள்.

"இந்தச் சட்டியில என்ன?"

"கிழங்குக்கா. உப்புத் தண்ணியில வெந்தது. வேற ஒண்ணும் இல்ல. கரண்டி போடல. மூடியே திறக்கல." நான் இதைச் சத்தியம் செய்கிற மாதிரி சொன்னேன்.

"தேங்காய் இருக்கா?"

"இருக்கு. துருவணும்."

"துருவுங்க. கொஞ்சம் சீனியும் குடுங்க."

நான் துருவினேன். அவசரத்தில் விரல் நகத்தையும் சேர்த்துத் துருவியிருப்பேன். மூத்தவள் பின்வாசலில் போய் வாழை இலையை அறுத்துக் கழுவி வந்தாள். கவுச்சி பட்ட தட்டு வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. அந்த அம்மா கிழங்கைப் பிட்டுத் தேங்காயும் சீனியும் தொட்டு மெதுவாகச் சாப்பிட்டார். இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் முழிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? உக்காருங்க. கறி ஆறுது" என்றார் தன் வீட்டுக்காரரிடம்.

அவர் உட்கார்ந்தார். பையனும் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் கூட உட்கார்ந்தார். கறி போதுமா என்று நான் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையனின் அப்பா கறியில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டார். பிறகு ஒதுக்கி வைத்திருந்த அந்தத் தட்டைக் காட்டி, "வீணாப் போவுது, இங்க தள்ளு" என்று மகனிடம் சொல்லி, வடைக்குழம்பை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டார். கறி கடைசியில் மிச்சம் ஆகிவிட்டது. வடைக்குழம்புச் சட்டி வழித்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் சாப்பாட்டை அவர்கள் சாப்பிட்டார்கள், அவர்கள் சாப்பாட்டை நாங்கள் சாப்பிட்டோம். சின்னவளுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

அந்த அம்மா தொட்டியில் கை கழுவும்போது நான் துண்டை நீட்டினேன். கிழங்கு சாப்பிட்டது கணக்கா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சோறு இல்லையே. கிழங்குக்கு வாக்கு உண்டா, இல்லையா. கேட்கவும் முடியாது. அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். என் மகளுக்குக் கேட்காத மாதிரி மெதுவாக.

"இருந்திருக்கலாம்க்கா. ராத்திரி தூக்கம் வராது."

"எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"எனக்குத் தெரியுமே."

அவர் துண்டை மடித்து என் கையில் கொடுத்தார். "சூரசம்ஹாரம் முடிஞ்சு பாரணை பண்ணிருவேன். அதுக்கு அடுத்து வர்ற ஞாயித்துக்கிழமை நாலு பெரியவங்களோட வரோம். முறைப்படி கேக்கணும்ல. கறியெல்லாம் வாங்கிச் செலவு பண்ணாதீங்க. அந்தக் குழம்பையே வைங்க. அந்த எண்ணெயிலயே."

மூத்தவளிடம் போய்ச் சொன்னேன். பாத்திரம் கழுவுகிறேன் என்று குழாயைத் திறந்துவிட்டு, ஒரு பாத்திரமும் எடுக்காமல் நின்றாள். பிறகு திரும்பி, "அம்மா, நீ சொன்னப்ப உன்னைக் கொல்லணும் போல இருந்துச்சு" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சட்டியில் ஒட்டியிருந்த குழம்பை விரலால் வழித்து நக்கினாள். அவள் டயட் அதோடு முடிந்தது.

அவர்கள் போன பிறகு எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். எனக்கு அடுத்த கவலை காத்திருந்தது. அந்தக் குழம்பு மிச்ச வடையில் வைத்தது. புது வடை போட்டால் கரைந்துபோகும். காய்ந்த வடை வேண்டும். மிச்சத்தைத் திட்டம்போட்டுச் செய்வது எப்படி என்று எந்தக் கைப்பேசியிலும் இல்லை. அதனால் முன்கூட்டியே வடை சுட்டு, துணி போட்டு மூடி, அலமாரி மேலே காயவைத்தேன். சின்னவள் நாற்காலி போட்டு ஏறுகிறாள். எண்ணினால் ஒவ்வொரு நாளும் குறைகிறது.

"அம்மா, வடை சுடறது திங்கத்தானே. பழசாகட்டும்னு காவல் காக்கிறவங்களை இப்பத்தான் பாக்கிறேன்."

"இறங்குடி கீழே."

நெத்திலி வேறு வாங்க வேண்டும். போன தடவை வாங்கியது பொடி நெத்திலி. இந்தத் தடவை கடையில் பெரிசுதான் இருக்கிறது. எண்ணெயில் அதே வாசனை வருமா தெரியவில்லை. வெந்தயம் எவ்வளவு போட்டேன் என்று நினைவில்லை, அன்று கவனம் எல்லாம் கறியில் இருந்தது. புளி எலுமிச்சை அளவா, அதற்கு மேலா. பால் டின்னை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, பசாருக்குப் போகிறேன், எவ்வளவு பருப்பு வாங்க என்று கேட்கிறார். இன்னும் கொஞ்சம் வடை சுட வேண்டியிருக்கும்போல.

"ஏங்க, நாலு பெரியவங்கன்னா நாலு பேர்தான் வருவாங்களா? இல்ல அந்த நாலு பேரோட வர்றவங்களையும் சேர்த்துச் சொல்றாங்களா?"

அவர் மோட்டார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"ரெண்டு கிலோவே வாங்கிர்றேன்" என்றார்.

இரண்டு கிலோ பருப்பு எத்தனை பால் டின் என்று எண்ணத் தொடங்கினேன்.